பெரியவர்களுக்கான டயப்பர்: அக்கம்பக்கம் அறியாமல் வீட்டுக்கே வரவழைப்பது எப்படி?

டோல்கேட், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை பகுதிகளில் வீடுகள் நெருக்கமானவை. ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். தெருமுனை மருந்துக்கடைக்காரருக்கு நம் குடும்பத்தில் எல்லோரையும் தெரியும். இப்படிப்பட்ட தெருவில், "அத்தாவுக்குப் பெரிய டயப்பர் ஒரு பாக்கெட் கொடுங்க" என்று கூட்டத்துக்கு நடுவே கேட்க மகனுக்குக் கூச்சம். கறுப்பு பாலித்தீன் பையில் சுற்றி எடுத்து வந்தாலும், பையின் அளவே காட்டிக் கொடுத்துவிடும். "யாருக்கு? என்ன ஆச்சு?" என்ற விசாரிப்பு மாலைக்குள் வாசலுக்கு வந்துவிடும்.

இந்தக் கூச்சத்துக்கு விலை கொடுப்பவர் வீட்டிலுள்ள முதியவர். சிறுநீர் கசிகிறது என்பதை அவர் பல மாதங்கள் யாரிடமும் சொல்வதில்லை. முதலில் திருமண வீடுகளுக்குப் போவதை நிறுத்துகிறார். பிறகு ஜமாஅத் தொழுகைக்குப் போவதை நிறுத்துகிறார். அடிக்கடி போக வேண்டியிருக்கிறதே என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்கிறார். நன்னிமா ஏன் மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று வீட்டாருக்குப் புரிவதில்லை.

இன்று இந்தப் பொருட்களை எல்லாம் செல்போன் வழியாகவே வாங்கிவிடலாம். என்ன வாங்குவது, எந்த அளவு, எப்படி ஆர்டர் செய்தால் வெளியில் தெரியாது, பணம் வீணாகாமல் இருக்க என்ன செய்வது, பயன்படுத்தியதை எப்படி அப்புறப்படுத்துவது, தொழுகைக்கு என்ன வழி ஆகியவற்றை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் மருத்துவர், பிறகு டயப்பர்

சிறுநீரை அடக்க முடியாமை முதுமையில் எல்லோருக்கும் வந்தே தீரும் ஒன்றல்ல. அதற்குக் காரணம் இருக்கும். பல காரணங்களுக்குச் சிகிச்சையும் உண்டு.

இருமும்போது, தும்மும்போது, கனமான குடத்தைத் தூக்கும்போது கசிவது ஒரு வகை. பிரசவங்களுக்குப் பின் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்த பெண்களிடம் இதை அதிகம் காணலாம். திடீரென்று அவசரம் எடுத்து, கழிப்பறைக்குள் போவதற்கு முன்பே வந்துவிடுவது இரண்டாவது வகை. சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாமல் நிரம்பி வழிந்து, சொட்டுச் சொட்டாகக் கசிவது மூன்றாவது. புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கும், நீண்டகாலச் சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கும் இது வரும். சிறுநீர்ப்பையில் கோளாறு இல்லாமலே, மூட்டுவலியாலோ பக்கவாதத்தாலோ எழுந்து நடக்கத் தாமதமாகி ஆடை நனைவது நான்காவது வகை. மறதி நோய் உள்ளவர்களுக்குக் கழிப்பறை எங்கே என்பதே மறந்துவிடுவதும் உண்டு.

சிறுநீர்த் தொற்று, கடும் மலச்சிக்கல், சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் கசிவு வரலாம். அவற்றைச் சரிசெய்தால் கசிவும் நின்றுவிடும். ஆகவே முதல் ஆர்டருக்கு முன்பே ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். நம் பகுதிக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் தண்டையார்பேட்டை அரசு புறநகர் மருத்துவமனையும் அருகில் உள்ளன. கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை முதியோருக்கென்றே செயல்படுகிறது. நடமாட முடியாதவர் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் தரப்படுகின்றன. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதை விசாரிக்கலாம்.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சல், சிறுநீர் அறவே வராமல் வயிறு உப்புவது, முதுகுவலியோடு கால்கள் திடீரென்று வலுவிழந்து கட்டுப்பாடு போவது ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டயப்பர் கட்டிவிட்டு இருந்துவிடக் கூடாது.

யாருக்கு எது பொருந்தும்?

டயப்பர் என்று பொதுவாகச் சொன்னாலும் இதில் பல வகை உண்டு. தவறான வகையை வாங்குவதால்தான் பலரும் "இது சரிவராது" என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

பேட்: சிறிதளவே கசிபவர்களுக்கு. வழக்கமான உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளலாம். வெளியில் தெரியாது. விலையும் குறைவு.

பேன்ட் வகை: எழுந்து நடமாடுபவர்களுக்கு. சாதாரண ஜட்டி போலவே தாமே மாட்டிக் கழற்றலாம். பள்ளிவாசலுக்கும் வெளியூருக்கும் போய்வருபவர்களுக்கு இது ஏற்றது.

ஒட்டும் வகை: படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு. இரு பக்கமும் டேப் இருக்கும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்தே மாற்றிவிடலாம். படுக்கையில் இருப்பவருக்குப் பேன்ட் வகை வாங்கினால், ஒவ்வொரு முறையும் கால்வழியே ஏற்றி இறக்கி இருவருமே களைத்துவிடுவார்கள்.

அண்டர்பேட்: படுக்கையின் மேல் விரிக்கும் உறிஞ்சும் விரிப்பு. டயப்பருக்கு வெளியே கசிந்தாலும் மெத்தை தப்பும். 60க்கு 90 சென்டிமீட்டர் அளவு பரவலாகக் கிடைக்கிறது. இதற்குக் கீழே துவைத்துப் பயன்படுத்தும் ரப்பர் ஷீட் ஒன்று இருந்தால் நல்லது.

இவை தவிர, ஆண்களுக்குக் கையில் பிடிக்கும் யூரின் பாட்டில், கட்டிலருகே வைக்கும் கமோடு நாற்காலி, பெட் பேன் ஆகியவையும் ஆன்லைனில் கிடைக்கின்றன. இரவில் நாலு எட்டு நடக்க முடியாததுதான் சிக்கல் என்றால், மாதாமாதம் டயப்பர் வாங்குவதைவிட ஒருமுறை கமோடு நாற்காலி வாங்குவது மேல்.

அளவில் ஏமாறாதீர்கள்

மீடியம், லார்ஜ், எக்ஸ்ட்ரா லார்ஜ் என்பது எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றல்ல. தையல் டேப்பை எடுத்து இடுப்பையும், அதற்குக் கீழே பிட்டத்தின் அகலமான பகுதியையும் சுற்றி அளந்துகொள்ளுங்கள். இரண்டில் எது பெரிதோ அதை, நீங்கள் வாங்கப்போகும் பொருளின் பக்கத்தில் உள்ள அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். "பெரிதாக இருந்தால் நல்லது" என்று எடுத்தால் தொடையருகே இடைவெளி விழுந்து அங்கேதான் கசியும். சிறிதாக இருந்தால் தோலை அறுக்கும்.

ஆர்டர் செய்யும் முறை

பெரியவர்களுக்கான டயப்பர் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும். நோபல் ஹைஜீன் நிறுவனத்தின் ஃப்ரெண்ட்ஸ், யூனிசார்மின் லைஃப்ரீ, ராம்சன்ஸின் டிக்னிட்டி ஆகியவை இந்தியச் சந்தையில் பரவலாக உள்ள பெயர்கள். அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற பொதுத் தளங்களிலும், சென்னையில் தொடங்கப்பட்ட நெட்மெட்ஸ், அப்போலோ 24/7, டாடா 1எம்ஜி, ஃபார்மஈஸி போன்ற மருந்துத் தளங்களிலும் இவை கிடைக்கும். அவசரத் தேவைக்கு பிளிங்கிட், ஜெப்டோ, இன்ஸ்டாமார்ட் போன்ற உடனடி டெலிவரி செயலிகளில் தேடலாம். உங்கள் முகவரிக்கு எந்தச் செயலி வருகிறது என்பதை அஞ்சல் குறியீட்டை இட்டுப் பாருங்கள். திருவொற்றியூர் 600019, தண்டையார்பேட்டை 600081, ராயபுரம் 600013, எண்ணூர் 600057. டோல்கேட் எல்லையில் இருப்பவர்கள் தங்கள் ஆதார் அட்டையிலோ கேஸ் பில்லிலோ உள்ள குறியீட்டையே கொடுங்கள். குறியீடு மாறினால் பார்சல் வேறு கிளைக்குப் போய்த் தாமதமாகும்.

1. முதல் முறை சிறிய பாக்கெட் மட்டும் வாங்குங்கள். இது உடல் சுகாதாரப் பொருள் என்பதால், பிரித்துவிட்டால் பொதுவாகத் திருப்பி எடுக்க மாட்டார்கள். பொருளின் பக்கத்தில் 'திருப்பித் தர இயலாது' என்று இருக்கிறதா என்பதை முதலிலேயே படியுங்கள்.

2. மொத்த விலையைப் பார்க்காமல் ஒரு டயப்பரின் விலையைக் கணக்கிடுங்கள். 10 உள்ள பாக்கெட்டையும் 30 உள்ள பாக்கெட்டையும் அப்படித்தான் ஒப்பிட முடியும். டெலிவரி கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. விற்பனையாளர் பெயர், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் விவரம், அதிகபட்ச சில்லறை விலை, எண்ணிக்கை ஆகியவை அந்தப் பக்கத்தில் உள்ளனவா என்று பாருங்கள். இவற்றைக் காட்டுவது சட்டப்படி கட்டாயம்.

4. பொருத்தமானது எது என்று தெரிந்த பிறகு மாத ஆர்டராக மாற்றுங்கள். சில தளங்களில் மாதாமாதம் தானாக அனுப்பும் வசதி உண்டு. அதில் சிறு தள்ளுபடியும் கிடைக்கலாம்.

5. எப்போதும் ஒரு வாரத்துக்கான இருப்பு வீட்டில் இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னைத் தெருக்கள் தண்ணீரில் நின்றதை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் எந்தச் செயலியும் வராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டு வார இருப்பு வைத்துக்கொண்டு, அதை உயரமான அலமாரியில் வையுங்கள். ஈரம் பட்டால் டயப்பர் வீணாகிவிடும்.

வெளியில் தெரியாமல் வர வேண்டுமானால்

ஆன்லைனில் வாங்கினாலே மறைவாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான பார்சல்கள் சாதாரண அட்டைப் பெட்டியிலோ மூடிய உறையிலோ வரும். மேலே பெயரும் முகவரியும் மட்டும் இருக்கும். பில் உள்ளே இருக்கும். ஆனால் பெரிய மூட்டைகளைச் சில நேரம் தயாரிப்பாளரின் சொந்தப் பையிலேயே முகவரி ஒட்டி அனுப்பிவிடுவார்கள். படமும் பெயரும் எல்லோருக்கும் தெரியும். இதைத் தவிர்க்கச் சில வழிகள்:

பணம் செலுத்தும் முன் 'தயாரிப்பாளர் பெட்டியிலேயே அனுப்பப்படும்' என்பது போன்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் இட்டு அனுப்பும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் வேறு சில பொருட்களோடு சேர்த்து ஆர்டர் செய்யுங்கள். பெரும்பாலும் ஒரே பெட்டியில் வரும். ஒரே பெரிய மூட்டைக்குப் பதில் இரண்டு சிறிய பாக்கெட் வாங்குவதும் உதவும்.

பார்சலை முதியவரின் பெயரில் போடாதீர்கள். வாங்கிக்கொள்ளும் மகன் அல்லது மகள் பெயரையும் எண்ணையும் கொடுங்கள். முன்கூட்டியே பணம் செலுத்திவிட்டால் வாசலில் சில்லறை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும்படி சொல்லாதீர்கள். வேலை நேரத்தில் வீட்டில் ஆள் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமையை டெலிவரி நாளாகத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அலுவலகத்துக்கோ, நம்பகமான உறவினர் வீட்டுக்கோ வரவழையுங்கள். சந்துக்குள் வண்டி வராத வீடுகளில், டெலிவரி தம்பி கீழே நின்று சத்தமாகக் கூப்பிடுவதற்கு முன், மெட்ரோ நிலையம் போன்ற தெரிந்த அடையாளத்தில் நீங்களே போய் வாங்கிக்கொள்ளலாம்.

ஒரே செல்போனை வீட்டில் எல்லோரும் பயன்படுத்தினால், வந்து விழும் விளம்பரங்களே விஷயத்தைச் சொல்லிவிடும். தேடல் வரலாற்றை அழிப்பது எளிது. அமைப்புகள் பகுதியில் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 'பார்சல் நின்றுவிட்டது, லிங்கை அழுத்துங்கள்' என்று வரும் குறுஞ்செய்தியை நம்பாதீர்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணை கூகுளில் தேடாமல் செயலிக்குள்ளேயே எடுங்கள். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணை அழையுங்கள். பொருள் மாறி வந்தால் பிரிக்கும்போதே படமெடுத்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக அவர் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மாதச் செலவு

ஒரு டயப்பர் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 4 என்றால் 160 ரூபாய், 30 நாளைக்கு 4,800 ரூபாய். தினக்கூலிக் குடும்பத்துக்கு இது வீட்டு வாடகைக்குச் சமம். மருத்துவக் காப்பீட்டிலும் பொதுவாக டயப்பருக்குப் பணம் கிடைப்பதில்லை.

செலவைக் குறைக்க வழிகள் உண்டு. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்கு அழைத்துப்போவதை வழக்கமாக்கினால், பலருக்குப் பகலில் பேட் மட்டுமே போதும். டயப்பர் இரவுக்கு மட்டும். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களின் பொருள் பட்டியலில் பெரியவர்களுக்கான டயப்பரும் உண்டு. இருப்பு இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். டயப்பர் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. பழைய விலையிலேயே விற்கிறார்களா என்று பில்லைப் பாருங்கள்.

ஜமாஅத்துகளும் இதில் உதவலாம். மாதாந்திர மருத்துவ உதவிப் பட்டியலில் டயப்பரையும் சேர்த்து, பெயரை வெளியிடாமல் வீட்டுக்கே அனுப்பினால், கேட்கக் கூச்சப்படும் குடும்பங்கள் பிழைக்கும்.

மாற்றும்போது

டயப்பர் எவ்வளவு உறிஞ்சினாலும் நாள் முழுவதும் விடக் கூடாது. சிறுநீர் என்றால் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, மலம் என்றால் உடனே மாற்ற வேண்டும். தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் உலர்ந்தபின் துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லியதாகத் தடவலாம். பவுடரை அள்ளிக் கொட்ட வேண்டாம்; அது கட்டிதட்டிப் புண்ணாக்கும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். இடுப்பின் கீழ்ப்பகுதி சிவந்திருந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம்.

மாற்றுவதற்கு முன் கதவைச் சாத்துங்கள். அவ்ரத்தைப் பேணுவது நோயிலும் கடமைதான். தேவையான அளவு மட்டும் ஆடையை விலக்கி, கையுறை அணிந்து செய்யுங்கள். கணவனுக்கு மனைவி, அத்தாவுக்கு மகன், உம்மாவுக்கு மகள் என்று இருந்தால் அவர்களுக்குக் கூச்சம் குறையும். "மறுபடியுமா?" என்ற ஒரு சொல்லை மட்டும் வாயிலிருந்து விடாதீர்கள். அதைக் கேட்டவர் மறுநாள் தண்ணீர் குடிக்க மாட்டார்.

தொழுகைக்கு என்ன வழி?

"ஆடை நஜீஸாகிறது, உளூ நிற்கவில்லை" என்று தொழுகையையே விட்டுவிட்ட முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இது தேவையில்லாத வேதனை. தொடர் உதிரப்போக்கால் தொழ முடியவில்லையே என்று கேட்ட ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்களுக்கு, தொழுகையை விட்டுவிடாமல் ஒவ்வொரு தொழுகைக்கும் உளூ செய்து தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் உள்ளது. சிறுநீர் நிற்காதவர்களுக்கும் இதே அடிப்படையில்தான் மார்க்க அறிஞர்கள் சட்டம் கூறியுள்ளனர்.

அதாவது, தொழுகை நேரம் வந்தபின் கழுவிச் சுத்தம் செய்து, புதிய பேட் அல்லது டயப்பர் அணிந்து, உளூ செய்து தொழ வேண்டும். இடையில் கசிந்தாலும் அந்தத் தொழுகை கூடும். ஷாஃபி மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனி உளூ. ஹனஃபி மத்ஹபில் ஒரு நேரத்துக்கு ஒரு உளூ. அந்த நேரம் முடியும்வரை அது செல்லும். எப்போதாவது மட்டும் கசிபவருக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அவர் கசிவு நிற்கும் நேரத்தில் தொழ வேண்டும். படுக்கையில் இருப்பவர், தானே கழுவ முடியாதவர், உம்ராவுக்குப் போகும் ஆண் இஹ்ராமில் டயப்பர் அணிவது போன்றவற்றை உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் தனியாகக் கேளுங்கள். பள்ளிவாசலை அசுத்தமாக்கும் அச்சம் இல்லாத அளவுக்கு நல்ல பேன்ட் வகை அணிந்தவர் ஜும்ஆவுக்கு வரத் தயங்க வேண்டியதில்லை. உறிஞ்சும் பகுதி மரக்கூழாலும் செயற்கைப் பாலிமர் துகள்களாலும் ஆனது என்பதால் பொருளைப் பற்றியும் சந்தேகம் வேண்டாம்.

பயன்படுத்தியதை எங்கே போடுவது?

மலம் இருந்தால் முதலில் கழிப்பறையில் கொட்டிவிடுங்கள். பிறகு டயப்பரை உட்புறமாகச் சுருட்டி, அதன் டேப்பாலேயே ஒட்டி, செய்தித்தாளில் பொதிந்து கட்டி, மற்ற குப்பையோடு கலக்காமல் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். திடக்கழிவு விதிகளே டயப்பரைப் பொதிந்து தரச் சொல்கின்றன. கழிப்பறையில் போட்டால் குழாய் அடைக்கும். கால்வாயில் எறிந்தால் அடுத்த மழையில் அதே தண்ணீர்தான் நம் வாசலுக்கு வரும். எரிக்கவும் கூடாது. குப்பை எடுக்கவில்லை என்றால் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யலாம்.

பேச்சை எப்படித் தொடங்குவது?

பார்சலைப் பிரித்து முதியவர் முன் வைத்து "இதைப் போட்டுக்கோங்க" என்று சொன்னால் மறுத்துவிடுவார். தனியாக இருக்கும்போது, "அத்தா, வெள்ளிக்கிழமை நாம ரெண்டு பேரும் சேர்ந்தே பள்ளிக்குப் போகலாம். போற நேரத்துக்கு மட்டும் இதை உள்ளே போட்டுக்கிட்டா நிம்மதியா இருக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். டயப்பர் என்ற சொல்லைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் ஒரு மணி நேரம் வீட்டிலேயே அணிந்து பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்றால் வேறு வகையை முயன்று பாருங்கள். முதியோர் நலன் குறித்த ஆலோசனைக்கு 14567 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

இன்று இரவே தையல் டேப்பை எடுத்து அளவு பார்த்து, ஒரு சிறிய பாக்கெட் ஆர்டர் செய்துவிடலாம். மருத்துவரிடம் போகும் நாளையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள்.